வேங்கைச் சாயம்

சமையலறையில் ஏதோ விழுந்தது.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பட்டறையில் கதவுச் சட்டம் ஒன்றை இழைத்துக்கொண்டிருந்த தச்சரின் கை அப்படியே நின்றுவிட்டது. பாதி வெளியே வந்த மரச்சீவல் இழைப்புளியின் வாயில் சுருண்டு தொங்கியது. விழுந்தது ஸ்டூல்தான், சந்தேகமே இல்லை. விழுந்ததுகூடப் பெரிதில்லை, விழுந்த சத்தம்தான் பெரிது. வேங்கை மரத்து ஸ்டூல் சிமெண்டுத் தரையில் விழுந்தால் 'டம்' என்று வீடே ஒருமுறை அதிர்ந்து அடங்கும்; அலமாரியில் தட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். இதுவோ காலி டப்பா மாதிரி 'டொக்' என்று விழுந்து, இரண்டு துள்ளு துள்ளி ஓய்ந்தது.

ஏனென்றால் அது வேங்கையே இல்லை. வேங்கைச் சாயம் பூசிய குமிழ் மரம். அது அவருக்குத் தெரியும். மரம் கொடுத்த மைத்துனனுக்குத் தெரியும். தினமும் அதைத் தூக்குகிற மனைவிக்கு மட்டும் தெரியாது. அவளுக்குத் தெரியக் கூடாது என்பதற்காகத்தானே இத்தனை பாடும்.

மரத்தூளை மிதித்துக்கொண்டு ஓடினார். அவள் ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஸ்டூல் நான்கு காலையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு கிடந்தது. அவர் ஸ்டூலைப் பார்க்கவில்லை, அவள் முகத்தைத்தான் பார்த்தார். சந்தேகம் எதுவும் தெரிகிறதா? இல்லை. நெற்றியில் வேர்வைதான்.

"ஒண்ணுமில்ல, கை வழுக்கிடுச்சு" என்றாள். நின்று ஒரு மூச்சு எடுத்துக்கொண்டாள். "சனியன், என்னா கனம் கனக்குது."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அதற்குள் வாசல் பக்கமிருந்து மைத்துனன் வந்துவிட்டான். மரக்கடை வைத்திருப்பவன், பலகை இறக்க வந்த இடத்தில் சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்திருக்கிறான். "என்னக்கா, பாத்திரத்தோட சண்டையா?" என்று கேட்டுக்கொண்டே குனிந்து, ஸ்டூலின் விளிம்பில் ஒரே ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கினான். பூனைக்குட்டி மாதிரி எழும்பி வந்தது. தச்சர் அவனை ஒரு முறை முறைத்தார். அவன் அந்தரத்திலேயே சுதாரித்துக்கொண்டு, இன்னொரு கையையும் கொடுத்து, கன்னத்தை உப்பவைத்து, முக்கி முனகி ஸ்டூலை நிமிர்த்தி வைத்தான்.

"யப்பா! இத எப்படிக்கா தினமும் தூக்குற? எனக்கே இடுப்பு புடிச்சுக்கும் போலருக்கே."

"உனக்கு இடுப்பு வேற இருக்கா? நான் எல்லாம் தொப்பைன்னுல்ல நெனச்சேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். அவளுடைய சிரிப்பு மட்டும் பாதியில் நின்று, மூச்சுக்காகக் காத்திருந்து, மிச்சத்தைப் பிறகு சிரித்தது.

அந்தப் பட்டறையில் அவர் செய்வார், அவள் பாலிஷ் போடுவாள். கல்யாணமான புதிதில் சும்மா வேடிக்கை பார்க்க வந்து உட்கார்ந்தவள், உப்புத்தாளைக் கையில் எடுத்தாள். அப்புறம் அதைக் கீழே வைக்கவே இல்லை. சாயத்தை அவளே கலப்பாள். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பழைய பனியன் துணிக்குள் பஞ்சை வைத்து உருட்டி, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமே கையை ஓட்டுவாள். குறுக்கே தேய்த்தால் மரத்துக்குக் கூசும் என்பாள். தெருவில் அவளுக்குப் பெயரே பாலிஷக்காதான். நாற்காலி வாங்க வருகிறவர்கள் அவரிடம் அளவு சொல்லிவிட்டு, "அக்கா எப்ப முடிப்பாங்க?" என்று கேட்பார்கள். அவர் செய்த கட்டிலை யாரும் தட்டிப் பார்த்ததில்லை, எல்லோரும் தடவித்தான் பார்ப்பார்கள். அதில் அவருக்கு உள்ளூரக் கொஞ்சம் பொறாமையும், அதைவிடக் கூடுதலாகப் பெருமையும் உண்டு.

ஒருநாள் பஞ்சு உருண்டை அவள் கையிலிருந்து நழுவி மரத்தூளில் விழுந்தது. இன்னொரு நாள் சாயக் கிண்ணம். அப்புறம் புடவைக்கு ஊக்கு குத்த முடியவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊசி, மின்சாரச் சோதனை எல்லாம் முடிந்தபின் பெண் டாக்டர் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார். தசைகள் ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுகொள்கிற வியாதி. முதலில் கை, அப்புறம் கால், அப்புறம் மூச்சு. குணப்படுத்த மருந்து கிடையாது. ஆனால் மூச்சு தளர ஆரம்பிக்கிற சமயம் பார்த்து வந்து சேர்ந்துவிட்டால், தூங்கும்போது துணைக்கு ஒரு மெஷின் வைக்கலாம். முகத்தில் ஒரு மூடி, அவ்வளவுதான். நல்ல நாட்களை அது நீட்டித் தரும். தாமதமாக வந்தால் அதனாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அதனால் மாதாமாதம் வந்து காட்ட வேண்டும்.

வார்டில் அந்த மூடியைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவர்களை அவள் வரும் வழியில் பார்த்திருந்தாள்.

"அதப் போட்டுக்கிட்டா வார்னிஷ் வாசனைகூட வராதே டாக்டர்" என்றாள். பிறகு பேரம் பேச ஆரம்பித்தாள். மாதாமாதம் வர முடியாது. வீட்டில் வேங்கையில் ஒரு ஸ்டூல் இருக்கிறது. தினமும் காலையில் சமையலறையிலிருந்து பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய் அதில் உட்கார்ந்துதான் வேலை செய்வாள். "அத என்னால தூக்க முடியலன்னா அன்னிக்கே நானா வந்து படுத்துக்கறேன். அதுவரைக்கும் யாரும் என்னைக் கூப்பிடக் கூடாது. இவரும்தான்." டாக்டர் சிரித்துவிட்டார். அதுவும் ஒரு சோதனைதான், ஆனால் ஏமாற்றக் கூடாது என்று மட்டும் சொன்னார். அவள் தலையாட்டினாள். தச்சரும் தலையாட்டினார். அன்று அவர் மனதில் எந்தக் கள்ளமும் இல்லை.

கள்ளம் வந்தது மழைக்காலத்தில். ஒரு காலை, பட்டறைப் பலகை இடுக்கு வழியாகத் தற்செயலாகப் பார்த்தார். அவள் ஸ்டூலைத் தூக்கினாள்; வரவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடி தூக்கினாள். மூன்றாவது தடவை முழங்காலை அடியில் கொடுத்து, உதட்டைக் கடித்து, எப்படியோ எழுப்பிவிட்டாள். பட்டறைக்குள் வரும்போது முகத்தைத் துடைத்துச் சாதாரணமாக்கிக்கொண்டு வந்தாள். இடுக்கில் அவர் பார்த்தது அதற்கு முந்தைய முகம். அந்த முகத்தை இன்னொரு காலை பார்க்க அவரால் முடியாது. நேராக மரக்கடைக்குப் போனார்.

"லேசா வேணும். ஆனா ஆள் உக்காந்தா தாங்கணும்."

"பஞ்சு மெத்தை வாங்கிக்குங்க மாமா" என்றான் மைத்துனன். அவர் சிரிக்காததைப் பார்த்துவிட்டுக் கடையின் பின்பக்கம் போய், வெளிறிய வைக்கோல் நிறத்தில் ஒரு பலகையை உருவிக்கொண்டு வந்தான். "குமிழ். புத்தகத்துல இதுவும் வன்மரம்தான். இலை அகலமா இருந்தா வன்மரம், ஊசியா இருந்தா மென்மரம், அவங்க கணக்கு அவ்வளவுதான். நம்ம தெரு முனை போலீஸ்காரர் மாதிரி, பேருக்குத்தான் வீறாப்பு. நகத்தால கீறினா பள்ளம் விழுந்துரும். ஆனா ஒண்ணு, நல்லா காஞ்சிருச்சுன்னா வெயிலுக்கும் மழைக்கும் கோணாது, வெடிக்காது. ஆணி அடிச்சா பொளக்காது. கால் போனவங்களுக்குக் கட்டைக் கால்கூட இதுல செய்வாங்க." சொல்லிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினான். "யாருக்கு மாமா?"

அவர் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டார். மைத்துனன் அதற்கப்புறம் விலை பேசவில்லை.

அவள் மத்தியானம் கண்ணயரும் நேரங்களில் வேலை செய்தார். குமிழ் உளிக்கு எதிர்ப்பே காட்டாத மரம். இழைப்புளி அதன்மேல் போவது தெரியாது, சீவல் பட்டுத்துணி மாதிரி வழிந்து விழும். அந்த மென்மைதான் அதன் குறையும். கால் வந்து பொருந்துகிற துளை நாளடைவில் தளர்ந்துவிடும் என்பதால் உள்ளே மட்டும் மெல்லிய வேங்கைத் துண்டு வைத்துக் கட்டினார். பழைய ஸ்டூலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதன் காயங்களை ஒவ்வொன்றாகப் பிரதி எடுத்தார். பசைச் சட்டி சுட்ட வளையத்தைக் காய்ச்சிய இரும்பால் போட்டார். உடைந்த மூலையை உடைத்தார். குறுக்குச் சட்டத்தில் அவள் குதிகால் காலங்காலமாகத் தேய்த்த பள்ளத்தை அரத்தால் ராவி, விரலால் தடவி, மறுபடி ராவினார். கடைசியில் சாயம். அவள் கலந்து வைத்திருந்ததில் கொஞ்சம் திருடி, அவரே பூசினார். பாலிஷும் அவரே போட்டார். தள்ளி நின்று பார்த்தால் வேங்கைதான். பழைய ஸ்டூலைச் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினார்.

மறுநாள் காலை ஒரே தூக்கில் வந்தது. அவள் ஒரு கணம் நின்றாள். பிறகு ஸ்டூலை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறைக்குள் வந்து, "பாத்தீங்களா, இன்னிக்கு உடம்புல தெம்பு இருக்கு" என்றாள். அவர் மரத்தூள் கண்ணில் விழுந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு குழாயடிக்குப் போனார்.

மழை முடிந்து வெயில் வந்தபோது அதுவும் அவளுக்குக் கனத்தது. ஒரு மத்தியானம் கால்களைக் கழற்றி உள்ளே குடைந்தார். உட்காரும் பலகையை அடிப்பக்கமாக இழைத்து இளைக்கவைத்தார். அவள் விழித்துக்கொள்ளும் நேரமாகிவிட்டது. அடிப்பக்கத்துக்குச் சாயம் பூச அவகாசமில்லை. கவிழ்த்துப் பார்க்கப் போகிறாளா என்ன என்று வெளிறலாகவே விட்டுவிட்டார். அப்படி இளைத்த ஸ்டூல்தான் இன்று அவள் கையிலிருந்து விழுந்தது.

பலகைகளை இறக்கி முடித்ததும் மைத்துனன் பட்டறைக் கதவைச் சாத்தினான். வழக்கமான சிரிப்பு முகத்தில் இல்லை.

"அடுத்தது என்ன மாமா, அட்டையில செய்வீங்களா?"

"மெதுவா பேசு."

"அக்கா எப்படி மூச்சு வாங்குதுன்னு பாத்தீங்களா? நாலு வார்த்தை பேசறதுக்குள்ள நிறுத்துது. படுத்துத் தூங்குதா, உக்காந்து தூங்குதா?"

கொஞ்ச நாளாகவே அவள் சுவரில் தலையணையைச் சாய்த்து உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாள். முதுகு வலி என்று சொல்லியிருந்தாள். அவரும் அதை நம்பியிருந்தார். நம்புவது வசதியாக இருந்தது.

"நீங்க அதுக்குத் தெம்பு குடுக்கறதா நெனச்சுக்கிட்டிருக்கீங்க. ஆனா டாக்டர்கிட்டேருந்து அக்காவ ஒளிச்சு வச்சிருக்கீங்க. நானும் மரம் குடுத்தேன், எனக்கும் பங்கு உண்டு. ஆனா இதுக்கு மேல முடியாது மாமா. இன்னிக்கே சொல்லிருங்க. நான் கடைக்குப் போய் லோடு எறக்கிட்டு வேனோட வரேன்."

அவன் போனபின் தச்சர் வெகுநேரம் இழைப்புளியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சொல்ல வாய் வராது, அது அவருக்குத் தெரியும். வாய் தேவையில்லாத வழி ஒன்று இருந்தது. வேங்கையை அதன் இடத்தில் வைத்துவிட்டால் போதும். வேனை ஒரு ராத்திரி காக்கவைக்கலாம்; நாளைக் காலை அவள் தூக்குவாள், வராது. கொடுத்த வாக்கை அவளே காப்பாற்றுவாள். ஏணி போட்டுப் பரணில் ஏறி, சாக்கோடு இறக்கினார். அவருக்கே தோள் இறங்கியது. அவள் கூடத்தில் கண்ணயர்ந்திருந்தாள். சமையலறையிலிருந்து குமிழ் ஸ்டூலை எடுத்து வந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இனி இதற்கு வேலையில்லை, கால்களைக் கழற்றிவிடலாம் என்று அதைக் கவிழ்த்தார்.

அடிப்பக்கம் வெளிறலாக இல்லை.

ஆழமான வேங்கைச் சிவப்பில் இருந்தது. அவர் பூசியதைப் போன்ற சேற்றுச் சிவப்பில்லை. உள்ளிருந்து வெளிச்சம் வருகிற சிவப்பு. அதன்மேல் மெல்லிய தூரிகையால் கருப்பாக ரேகைகள் வரையப்பட்டிருந்தன, வேங்கையில் ஓடுவதைப் போலவே நெளிந்து நெளிந்து. ஆனால் ஒவ்வொரு ரேகையிலும் ஒரு நடுக்கம் இருந்தது. சில இடங்களில் தூரிகை நழுவிப்போய்க் கோடு முறிந்திருந்தது. அந்த முறிவுகளை மறைக்கக் கணு மாதிரி ஒரு சுழி போட்டிருந்தது. ஒரு காலின் உட்புறத்தில் நகம் பட்டு விழுந்த பள்ளங்கள் மெழுகால் அடைக்கப்பட்டிருந்தன.

இதைச் செய்ய அவள் தரையில் உட்கார்ந்திருக்க வேண்டும். அவர் மரக்கடைக்குப் போன ஏதோ ஒரு பொழுதில். தூரிகையை வலது கையால் பிடித்து, வலது கையை இடது கையால் பிடித்து. ஒரு ரேகைக்கும் இன்னொரு ரேகைக்கும் நடுவில் எத்தனை தடவை ஓய்வெடுத்திருப்பாள்? தச்சர் மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவள் விழித்துக்கொண்டபோது அவர் எதிரில் இருந்தார். சுவரில் சாய்ந்தபடியே அவரைப் பார்த்தாள். அவர் விரல் நுனியில் ஒட்டியிருந்த, அரக்கு போடாத சாயத்தின் சிவப்பைப் பார்த்தாள்.

"கவுத்துப் பாத்துட்டீங்களா?"

"எப்பத் தெரிஞ்சுது?"

"வச்ச அன்னிக்கே." மூச்சு. "பிரஷ்ஷக் குறுக்கே இழுத்திருந்தீங்க. வேற யாரு அப்படி இழுப்பா?"

"அப்புறம் ஏன் சொல்லல?"

தெருவில் யாரோ சைக்கிள் மணியை அடித்துக்கொண்டு போனார்கள்.

"குதிகால் பள்ளத்தக்கூடப் போட்டு வச்சிருந்தீங்க. அதுல கால வச்சதும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நான் தூக்கினதும் உங்க மூஞ்சி இருக்கே... ஸ்கூல்ல பாஸானவன் மாதிரி. அதப் பாக்கறதுக்குன்னே தெனம் தூக்கினேன்." மூச்சு. "ரெண்டாவது தடவ அடியில வெள்ளையா விட்டுட்டீங்க. தம்பி வர்றான், போறான். யாராவது பாத்தா உங்களைத்தான சொல்லுவாங்க."

"காலைல கனம் கனம்னு சொன்னியே."

"நீங்க ஓடி வந்த லட்சணத்துக்கு வேற என்ன சொல்றது?"

அவருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "டாக்டர் அன்னிக்கே சொன்னாங்கல்ல? ஏமாத்தாதீங்கன்னு சொன்னாங்கல்ல? எனக்குத்தான் புத்தியில்ல. உனக்குமா?"

"எனக்குப் பயமா இருந்துச்சுங்க" என்றாள். அவ்வளவு எளிதாகச் சொன்னாள். "அந்த மூடியப் போட்டா அப்புறம் கழட்டவே மாட்டாங்கன்னு. நீங்க ஒரு பொய்ய செஞ்சு கொண்டாந்து வச்சீங்க, நான் அதும்மேல உக்காந்துக்கிட்டேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் பட்டறைப் பக்கம் கண்ணைக் காட்டினாள்.

"வேங்கைய எடுத்துட்டு வாங்க."

"எதுக்கு? அதெல்லாம் வேணாம். தம்பி வேன் கொண்டு வரான். போலாம்."

"எடுத்துட்டு வாங்கங்க. சொன்ன சொல்லுன்னு ஒண்ணு இருக்குல்ல."

கொண்டு வந்து அவள் முன்னால் வைத்தார். அவள் சுவரைப் பிடித்து எழுந்து நின்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொள்ளப் பார்த்தாள். விரல்கள் ஒத்துழைக்கவில்லை, அவர் செருகிவிட்டார். பலகையின் இரண்டு பக்கமும் உள்ளங்கைகளை வைத்தாள். முதலில் ஒன்றும் செய்யாமல் அதைத் தடவிக்கொண்டு நின்றாள், வெகுநாள் கழித்துப் பார்த்த ஆளைத் தடவுகிற மாதிரி. பிறகு தூக்கினாள். தோளெலும்பு ஜாக்கெட்டுக்குள் எழும்பியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஒரே ஒரு கால் தரையை விட்டு எழும்பியதா, இல்லை தரையில் லேசாக நகர்ந்ததா, அவரால் சொல்ல முடியவில்லை. அடுத்த கணம் ஸ்டூல் தன் இடத்தில் இருந்தது. அவள் கைகளை எடுத்துக்கொண்டாள்.

"சரி" என்றாள். மூச்சு. மறுபடி மூச்சு. "போலாம்."

மைத்துனன் வந்து சேர்ந்தபோது இரண்டு பேரும் தயாராக இருந்தார்கள். ஒரு பையில் இரண்டு புடவை, சீப்பு, துண்டு. டாக்டர் இருப்பாரா, இந்த நேரத்தில் சேர்த்துக்கொள்வார்களா, இன்னும் அந்த மெஷினால் பயன் உண்டா, யாரும் கேட்கவில்லை. அவன் அக்காவின் முகத்தையும் மாமாவின் முகத்தையும் பார்த்துவிட்டு, வாயில் வந்த கேலியை விழுங்கிக்கொண்டு பையை வாங்கிக்கொண்டான். வேன் ஆணி அடித்த மாதிரி வாசலுக்கு நேரே நின்றிருந்தது. பின்பக்கம் மரத்தூளைப் பெருக்கித் தள்ளிவிட்டு, முன்சீட்டில் வீட்டுப் போர்வையை விரித்து வைத்திருந்தான்.

வாசலில் படி இறங்கும்போது அவள் கால் மடங்கியது. மைத்துனன் ஓடி வந்து கையை நீட்டினான்.

"நீ போய் வண்டிக் கதவத் தொற" என்று அவனை அனுப்பிவிட்டு, தச்சர் குனிந்து, ஒரு கையை அவள் முதுகுக்கும் ஒரு கையை முழங்காலுக்கும் கொடுத்துத் தூக்கினார்.

ஆயுசெல்லாம் மரம் தூக்கிய கை அது. பலகையின் ஒரு முனையைப் பிடித்தாலே போதும், எத்தனை எடை, உள்ளே எவ்வளவு ஈரம் மிச்சம் என்று சொல்லிவிடும். வேண்டாம், வேண்டாம் என்று அவர் நினைப்பதற்குள் கை தன் கணக்கைப் போட்டு முடித்திருந்தது. அவர் முகத்தை வேன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். அவளோ அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய கழுத்தைச் சுற்றி வளைக்கக் கிளம்பிய அவள் கை அவ்வளவு தூரம் வர முடியாமல், சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டது.

"கனமா இருக்கேன்னு சொல்லுங்க" என்றாள்.